தட்டுப் பிடித்தவள்

பெர்மாஸ் ஜெயா
16 பிப்ரவரி 2025

மாண்புமிகு கவுன்சிலர் குணாளன் அவர்களுக்கு,

உன் அக்கா கஸ்தூரி எழுதுகிறேன். உறையின் மேல் பதவியையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன். வெறும் குணாளன் என்று எழுதினால் நீ பிரிப்பாயோ மாட்டாயோ. அம்மா வீட்டுப் பக்கத்துப் புகையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், அழித்தாய். ஏன் என்று கேட்டதற்கு என்னையே வெளியே தள்ளினாய். போனிலும் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். அதனால் பேனா. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாகத் தமிழில் நான் எதுவும் எழுதியதில்லை. அந்தப் பாக்கியமும் உன்னால்தான் கிடைத்தது.

தைப்பூசத்துக்கு அம்மாவைப் பார்க்க சுங்கை மெராந்திக்குப் போயிருந்தேன். நம் தாமான் குடியிருப்புக்குள் நுழையும்போதே பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறுகிறது. அம்மா ஜன்னலையெல்லாம் அடைத்து, இடுக்குகளில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்து வைத்திருக்கிறார். நல்ல வெயில் நேரத்தில் வீட்டுக்குள் லைட் எரிகிறது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துண்டை எடுத்துக் காட்டினார், கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. பேச்சுக்கு நடுவில் இருமல், இருமலுக்கு நடுவில் பேச்சு. "தம்பிகிட்ட சொன்னேன்டி, பாக்கறேன்னு சொல்லிருக்கான்" என்றார். என்ன பார்த்தாய்? நீ டவுனில் புது வீட்டில் இருக்கிறாய். அந்தப் பக்கம் இந்தக் காற்று வராது.

பக்கத்து வீட்டு ஷாமளா டீச்சர்தான் விஷயத்தைச் சொன்னாள். "அக்கா, பழைய பிளாஸ்டிக்க உருக்குற ஃபேக்டரிக்குத் தற்காலிக லைசென்ஸ் குடுத்தாங்கள்ல, அந்தக் கூட்டத்துல உங்க தம்பியும்தான் கை தூக்கியிருக்காரு. நகர மன்றத்து வெப்சைட்லயே கெடக்கு. யாரும் எதிர்க்கலன்னு போட்டிருக்கு." தாமானில் ஒரு ஆளுக்குக்கூட நீ இதைச் சொல்லவில்லை. புகைக்கூண்டு எழும்பின பிறகுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

போன வருஷம் ஜூலை மாதம் ஞாபகம் இருக்கிறதா? காலையில் மன்றத்து டேவான் மண்டபத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டு, மைக் முன்னால் நின்று மலாயில் பதவிப் பிரமாணம் எடுத்தாய். கடமையை நேர்மையாகச் செய்வேன் என்று. அம்மா அழுதார், நானும் அழுதேன். சாயங்காலம் முனியாண்டி கோயிலில் தலைவர் வீரமுத்து மாமா உன்னை நிறுத்தினார். "டேவான்ல எடுத்த சத்தியம் அவங்களுக்கு. எங்களுக்கு ஒன்னு எடுங்க தம்பி. நாங்க ஓட்டுப் போட்டு நீங்க வரல, மேல இருந்து போட்டாங்க. நாளைக்குத் தப்பு பண்ணா உங்கள எறக்க எங்ககிட்ட ஒரு வழியும் இல்லலா" என்றார். நீயும் பெருமையாக முன்னால் வந்தாய். இந்த ஜனங்களுக்குத் தெரியாமல் எதற்கும் கை தூக்க மாட்டேன், முனி சாட்சி என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். அந்தத் தட்டைப் பிடித்திருந்தது நான்.

அதனால் கேட்கிறேன். ஜூன் கூட்டத்தில் அந்த லைசென்ஸை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் தாமான் ஜனங்களைக் கூப்பிட்டு, ஆமாம், நான்தான் கை தூக்கினேன் என்று உன் வாயால் சொல். ஜூனில் வேண்டாம் என்று கை தூக்கு. வேறு எதையும் நான் உன்னிடம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

கஸ்தூரி

&nbsp;

சுங்கை மெராந்தி டவுன்
27 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அதை மன்ற அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? உறையைப் பார்த்துக் கிளார்க் சிரித்தார். இனி வீட்டு முகவரிக்கே அனுப்பவும்.

நீங்கள் வெளியில் இருந்து பேசுகிறீர்கள். விடியும் முன் வேலைக்குச் சிங்கப்பூர் பஸ் ஏறி, இருட்டின பிறகு திரும்புகிறவர்களுக்கு இங்குள்ள நிலவரம் தெரிய நியாயமில்லை. நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், அது குப்பை எரிக்கிற இடமல்ல, மறுசுழற்சித் தொழிற்சாலை. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றுதான் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். நம் பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். மேலும், கமிட்டியில் பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. டேவானில் எடுத்த சத்தியத்தைக் காப்பாற்றப் போனால் கோயிலில் எடுத்தது உடைகிறது. கோயிலில் எடுத்ததைக் காப்பாற்றினால் டேவானில் எடுத்தது உடைகிறது. என் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அன்றைக்கு அது சாப்பாட்டுக்கு முன் கடைசியாக வந்த விஷயம். எல்லாரும் கை தூக்கினார்கள். நம்மவர்களுக்கு மன்றத்தில் இருப்பது ஒரே நாற்காலி. என் கை மட்டும் கீழே இருந்திருந்தால், அடுத்த நியமனத்தில் அந்த நாற்காலியில் வேறு ஆள். தாமானுக்குத் தெருவிளக்கு யார் கொண்டுவந்தது? கோயில் பாதைக்குத் தார் யார் போட்டது? அதையெல்லாம் யாரும் படம் எடுத்துக் குரூப்பில் போடவில்லை.

கற்பூர விஷயத்துக்கு வருகிறேன். அன்று கோயிலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் கை படுவதற்கு முன்பே கற்பூரம் காற்றில் அணைந்துவிட்டது என்றுதான் எனக்கு ஞாபகம். அப்படியென்றால் அந்தச் சத்தியம் சேராது என்று பூசாரி லெட்சுமணன் சொல்கிறார். தட்டுப் பிடித்தவர் நீங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வீரமுத்து மாமா ஏற்றுக்கொள்வார், ஜனங்களுக்கும் மனம் ஆறும். நிதானமாக யோசித்துப் பார்க்கவும்.

அன்புடன்,
குணாளன்

&nbsp;

பெர்மாஸ் ஜெயா
9 மார்ச் 2025

குணாளா,

தங்கள், நீங்கள், அவர்கள். போன தீபாவளிக்கு என் தட்டிலிருந்து முறுக்கைப் பிடுங்கித் தின்றவன்தானே நீ? எப்போதிலிருந்து நான் உனக்கு மதிப்பிற்குரியவள் ஆனேன்?

காற்றில் அணைந்ததாம். உன் உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது. துடைக்கத் துணி தேடினாய், நான் முந்தானையை நீட்டினேன். அந்த மாம்பழ நிறச் சேலையில் கறை இன்றைக்கும் போகவில்லை. "சுட்டுருச்சுக்கா" என்று வழியெல்லாம் ஐஸ் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு காரில் வந்தது யார்? அணைந்துபோன கற்பூரமா சுட்டது? நீ சத்தியத்தை மீறினது போதாது, இப்போது என் வாயிலும் பொய்யைத் திணிக்கப் பார்க்கிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு? எனக்கு உன் கடிதத்தைக் கையில் வைத்திருக்கவே வெட்கமாக இருந்தது.

சரி, அணைந்தே போயிருந்தது என்று வைத்துக்கொள். வீரமுத்து மாமா கற்பூரத்தையா நம்பினார்? நீ பேசினதை நம்பினார். அது எந்த ஃபேன் காற்றில் அணைந்தது, சொல்.

கமிட்டி ரகசியம் கமிட்டியோடு இருக்கட்டும். நீ கை தூக்கியது முழுக் கூட்டத்தில். ஜனங்கள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாமாம், ஷாமளா விசாரித்துவிட்டாள். அது தெரியாமலா நீ கவுன்சிலராக இருக்கிறாய்? தெரிந்தும் ஒருநாள்கூட யாரையும் வரச் சொல்லவில்லை.

நம்மவர்களுக்கு ஒரே நாற்காலி என்கிறாய். ஒரே நாற்காலி என்றால் அதில் இருப்பவன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாயைத் திறக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார நாற்காலி எதற்கு? டவுன் பஸ் நிறுத்தத்தில் நீளமாகப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அங்கே போய் உட்கார். நம் பையன்களுக்கு வேலை என்றாயே, யாருக்குக் கிடைத்தது? கேட்டில் நிற்கிற கனகராஜ் ஒருத்தனுக்கு. அவனும் முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிறான்.

தெருவிளக்குக்கு நன்றி. புகையில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அம்மாவை டாக்டரிடம் காட்டு. உன் கார் வீட்டு வாசலில் சும்மாதானே நிற்கிறது.

கஸ்தூரி

&nbsp;

சுங்கை மெராந்தி டவுன்
2 ஏப்ரல் 2025

அக்கா,

சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வை. அம்மாவுக்கு முடியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குப் போடும்போது மூச்சு வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாஆ டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்தார்கள், உறிஞ்சுகிற பம்ப் கொடுத்தார்கள். குறையவில்லை.

தாமானில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? முனி கோபம் என்கிறார்கள். மகன் சத்தியத்தை மீறினான், தாயைப் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். கடைக்குப் போனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மாவே நம்புகிறார். "எம்புள்ளைக்கு வர்றத எனக்குக் குடுத்துருச்சு சாமி. அது போதும்யா" என்று என் தலையைத் தடவிக்கொடுத்துச் சொன்னார். அக்கா, நான் எழுந்து வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

லெட்சுமணன் பூசாரி ஒரு வழி சொல்லியிருக்கிறார். முனிக்குக் கிடா வெட்டிப் பரிகாரம் செய்து, கற்பூரம் ஏற்றி, சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமாம். ஆனால் முதலில் தட்டுப் பிடித்த கைதான் இப்போதும் பிடிக்க வேண்டும். வேறு ஆள் பிடித்தால் பலிக்காது. மே 18, ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறது. நீ வராவிட்டால் எதுவும் நடக்காது.

செலவைப் பற்றி நீ யோசிக்காதே. கிடா, பந்தல், பிரியாணி எல்லாவற்றையும் ஃபேக்டரி மேனேஜர் ஏற்றுக்கொண்டார். மனுஷன் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. ஜனங்களோடு சமாதானமாகப் போக வேண்டும் என்று அவரே சொன்னார்.

எனக்காக வேண்டாம், அம்மாவுக்காக வா.

குணா

&nbsp;

பெர்மாஸ் ஜெயா
4 மே 2025

குணா,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே லீவு போட்டு வந்து அம்மாவை ரெங்கத்தில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டேன். உனக்கும் தெரியும். ஏன் உடனே பதில் எழுதவில்லை என்றால், எழுதியிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும்.

ஃபேக்டரிக்காரன் கிடா வாங்கித் தருகிறானா? உன்னைச் சத்தியத்திலிருந்து விடுவிக்க அவன் பிரியாணி போடுகிறானா? குணா, இதை எழுதும்போது உனக்குக் கை கூசவே இல்லையா? யாருக்காக நீ ஜனங்களை மறந்தாயோ, அவனே வந்து ஜனங்களுக்குச் சோறு போட்டு, முனிக்கும் ரத்தம் காட்டி, உன் வாயைக் கழுவிவிடப் போகிறான். அப்புறம் ஜூன் மாதம் நீ நிம்மதியாகக் கை தூக்குவாய். முனியிடம் கேட்டாகிவிட்டது, இனி யாரிடம் கேட்க வேண்டும் என்பாய். முனிக்கு ஆஸ்துமா வரவில்லை. தாமானில் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. ஷாமளா வகுப்பில் பம்ப் இல்லாமல் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது அம்மாவின் கதையைக் கேள். ரெங்கத்துக்கு வந்த முதல் வாரம் இருமல் பாதியாகக் குறைந்தது. போன ஞாயிறு நான் போனபோது சின்னம்மாவோடு கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பம்ப் அலமாரியில் தூங்குகிறது. பரிகாரம் செய்யவில்லை, கிடா வெட்டவில்லை, நீயும் இன்னும் அதே ஆள்தான். அப்படி இருக்கும்போது எப்படிச் சரியானது? முனிக்கு ரெங்கத்துக்கு வழி தெரியவில்லையா? அது புகைடா. புகை. அதைச் சாமி கோபம் என்று ஊர் பேசுகிறது, நீயும் தலையாட்டுகிறாய், ஏனென்றால் அது உனக்கு வசதி. சாமி செய்தது என்றால் லைசென்ஸை யாரும் தொட வேண்டியதில்லை.

மே 18 வருகிறேன். தட்டையும் பிடிக்கிறேன். அம்மாவையும் கூட்டிவருகிறேன்.

கஸ்தூரி

&nbsp;

சுங்கை மெராந்தி டவுன்
20 மே 2025

கஸ்தூரிக்கு,

இனி உன்னை அக்கா என்று எழுத எனக்கு மனம் இல்லை.

தட்டைப் பிடிக்க வருகிறேன் என்று எழுதி என்னை ஏமாற்றினாய். பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை உன் கையில் கொடுத்தார். நான் கையை ஓங்கினேன். நீ தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். "இரு. என்னா சத்தியம் பண்ணே, அதுக்கப்புறம் என்னா பண்ணே, ரெண்டையும் சொல்லிட்டு அடி. எதத் திருப்பிக் கேக்கறேன்னு சாமிக்குத் தெரிய வேணாமா?" என்றாய். மொத்தத் தாமானும் நிற்கிறது. மேனேஜர் பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்சிக்காரர்கள் போனில் படம் எடுக்கிறார்கள். நான் என்ன சொல்ல முடியும்?

"சொல்லிருங்க தம்பி" என்றார் வீரமுத்து மாமா. அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். அதற்கும் என் வாய் திறக்கவில்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கற்பூரம் தட்டிலேயே எரிந்து தீர்ந்து தானாக அணைந்தது. பூசாரி தட்டை வாங்கக் கை நீட்டினார், நீ கொடுக்கவில்லை. உன் விரல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். கீழே வைத்துத் தொலைத்தால் என்ன? அப்படி என்ன பிடிவாதம் உனக்கு?

அப்புறம் அம்மாவைக் காரிலிருந்து இறக்கிக் கூட்டத்தின் நடுவில் நடக்கவைத்தாய். இருமல் இல்லாமல் அவர் நடந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருக்குப் பின்னால் எல்லாரும் போனார்கள். அண்டா நிறைய பிரியாணி அப்படியே கிடந்தது. ஃபேக்டரி லாரிக்காரர்கள் வந்து தின்றுவிட்டுப் போனார்கள்.

ஒய்.பி. ஆபீஸிலிருந்து போன் வந்தது. உன் அக்காவையே அடக்க முடியாத நீ ஜனங்களை எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்டார்கள். சட்டமன்ற உறுப்பினரின் கிளார்க் கேட்கிறான், என்னை.

எனக்கு இனி எழுதாதே.

குணாளன்

&nbsp;

பெர்மாஸ் ஜெயா
1 ஜூன் 2025

குணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ பேசுகிற மாதிரியெல்லாம் நடக்கிறவனா என்ன, நான் கேட்பதற்கு?

விரலில் கொப்புளம் உடைந்து தோல் உரிகிறது. வேலையில் கையுறை போட்டுத்தான் பெட்டி தூக்குகிறேன். ஏன் கீழே வைக்கவில்லை என்று கேட்டாய். கற்பூரம் அணைவதற்குள் நீ வாயைத் திறந்துவிடுவாய் என்று நினைத்தேன். இப்போது சொல்வான், இதோ சொல்லப்போகிறான் என்று கடைசி வரைக்கும் நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு உன் மேல் கோபமே இல்லை. அணைந்த பிறகுதான் வந்தது.

உன்னை அவமானப்படுத்த நான் வரவில்லை. நீ செய்ததை நீயே சொல்ல ஒரு இடம் கொடுத்தேன். அதை அவமானம் என்று நினைப்பதால்தான் உனக்கு இத்தனை கஷ்டம். வேறு யாராவது கவுன்சிலர் இதைச் செய்திருந்தால் நாலு கெட்ட வார்த்தை பேசிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். நீ என் தம்பி. அதனால் தூக்கம் வரவில்லை.

ஜூன் 26 கூட்டத்துக்குத் தாமான்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்கள். பின்வரிசையில் உட்காருவார்கள். கத்த மாட்டார்கள், அட்டை பிடிக்க மாட்டார்கள். உன் கையை மட்டும் பார்ப்பார்கள்.

கஸ்தூரி

&nbsp;

சுங்கை மெராந்தி டவுன்
29 ஜூன் 2025

அக்கா,

பின்வரிசையில் உன்னைத் தேடினேன். நீ வரவில்லை. மாமா இருந்தார், ஷாமளா இருந்தாள், கேட்டில் நிற்கிற கனகராஜ்கூட லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

மன்றத் தலைவர் விஷயத்தை வாசித்தார். எதிர்ப்பு உண்டா என்று வழக்கம் போல நிமிராமலே கேட்டார். நான் கை தூக்கினேன். அவர் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த செயலாளர் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது. எழுந்து நின்று, போன வருஷம் இதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், அந்த இடத்தில் குடியிருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கினேன், அது நான் எடுத்த பிரமாணத்துக்கு விரோதம் என்று மலாயில் சொன்னேன். அப்புறம் பின்பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னேன். தலைவர் "தலைமையைப் பார்த்துப் பேசுங்க" என்று மேஜையைத் தட்டினார். திரும்பாமல் சொல்லி முடித்தேன். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து உறுப்பினர் ஒரு அம்மா, அவர்கள் பக்கமும் புகை வருகிறதாம், தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். மற்ற யாரும் இல்லை.

லைசென்ஸ் நிரந்தரமாகவில்லை, ரத்தாகவும் இல்லை. சுற்றுச்சூழல் இலாகா வந்து பார்க்கும் வரை ஒத்திவைத்திருக்கிறார்கள். அது வரைக்கும் தற்காலிக லைசென்ஸிலேயே ஓடலாமாம். இன்றைக்கும் புகை போகிறது.

புது நியமனப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் இடத்துக்கு இளைஞர் பிரிவு செல்வா வருகிறான். நாற்காலி போய்விட்டது. இப்போது உனக்குச் சந்தோஷம்தானே?

அப்படி எழுதியிருக்கக் கூடாது. அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும், நீ எனக்கு எழுதினதெல்லாம் இதைவிட மோசம்.

அம்மா ரெங்கத்திலிருந்து போன் பண்ணி எப்போது வீட்டுக்கு வரலாம் என்று கேட்கிறார். என்ன சொல்வது?

குணா

&nbsp;

பெர்மாஸ் ஜெயா
6 ஜூலை 2025

தம்பி குணாளனுக்கு,

உறையில் வெறும் பெயர்தான் போட்டிருக்கிறேன்.

நன்றி என்று எழுத மாட்டேன். நீ செய்தது உன் வேலை, அதையும் மாதக்கணக்கில் தாமதமாகச் செய்தாய். அன்றைக்கு நான் வேண்டுமென்றேதான் வரவில்லை. வந்திருந்தால் அக்காவுக்குப் பயந்து கை தூக்கினான் என்று பேசுவார்கள், உனக்கே அப்படித் தோன்றும். ஷாமளா வீடியோ அனுப்பினாள். நீ திரும்பி நின்று தமிழில் பேசுவதைப் பார்த்தேன். சிங்கப்பூர்ப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்தது, நான் அழுதேன். பக்கத்துச் சீட்டுச் சீனப் பெண் எதுவும் கேட்காமல் டிஷ்யூ கொடுத்தாள்.

அம்மாவிடம் இப்போது வரக் கூடாது என்று சொல். ஏன் என்பதையும் நீயே சொல், என்மேல் போடாதே. சாமி கோபம் இல்லை, நான் கை தூக்கிய ஃபேக்டரி என்று சொல். அவருக்குத் தன் மகனுக்கு வந்ததைத் தான் வாங்கிக்கொண்டதாக இன்னும் ஒரு நினைப்பு இருக்கிறது. அதை எடுத்துவிடு.

எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த டேவானில் மற்றவர்களும் உன்னோடு அதே பிரமாணத்தை எடுத்தவர்கள்தான். அவர்களுக்கு நாற்காலி அப்படியே இருக்கிறது, வாய் திறந்தவனுக்குத்தான் போனது. அவர்களிடம் கேட்க அவர்களுக்கும் ஒரு அக்கா வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் செல்வா பிரமாணம் எடுக்கிறான். சாயங்காலம் கோயிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார் வீரமுத்து மாமா. நீ சொன்ன அதே வார்த்தைகள், அதே கற்பூரம். தட்டுப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். விரலில் புதுத் தோல் இன்னும் கெட்டிப்படவில்லை, அதுவும் ஒரு காரணம். சத்தியம் எடுத்தவன் அதை எப்படி மீறுவான், மீறிவிட்டு என்னென்ன சொல்வான் என்று உனக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. ஃபேன் காற்று என்பான், கமிட்டி ரகசியம் என்பான், சாப்பாட்டு நேரம் என்பான். உன்னிடம் அதெல்லாம் செல்லாது. இனி மன்றத்தில் கூட்டம் நடக்கிற நாளெல்லாம் பின்வரிசையில் போய் உட்கார். அவன் கையைப் பார்.

மாமாவிடம் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுச் சீக்கிரமாகப் போ. தட்டை நீ பிடி.

அக்கா